கிராய்ட்சருக்கு முன்னால் ஏன் டோன்ட்?

கேள்வியின் சுருக்கம்: "என் மகளுக்குப் பன்னிரண்டு வயது. ஐந்து வருஷமாக வெஸ்டர்ன் வயலின் கற்கிறாள். வோல்ஃபார்ட், கைசர் எழுதிய பயிற்சிப் புத்தகங்கள் இரண்டும் முடிந்தன. அடுத்தது கிராய்ட்சர் என்று ஆசையாக இருந்தோம். ஆசிரியரோ 'முதலில் டோன்ட் ஓபஸ் 37 வாங்குங்கள்' என்கிறார். மேலே போகாமல் ஒரே இடத்தில் சுற்றுகிறோமோ என்று தோன்றுகிறது. யார் இந்த டோன்ட்? இதுவும் நம் சரளி வரிசை மாதிரிதானா? இதை விட்டுவிட்டுப் போகக்கூடாதா?"

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்: விட்டுவிடாதீர்கள். உங்கள் ஆசிரியருக்கு விஷயம் தெரிந்திருக்கிறது. கைசர் முடித்த குழந்தையை நேரே கிராய்ட்சரில் இறக்கிவிடுவது சுலபம், பெற்றோருக்கும் அது முன்னேற்றமாகத் தெரியும். நடுவில் ஒருவர் நிறுத்தி, "கொஞ்சம் பொறு, இந்தக் கையில் இன்னும் செய்ய வேண்டிய வேலை இருக்கிறது" என்று சொல்கிறார் என்றால் அவர் குழந்தையின் கையைப் பார்த்துவிட்டுப் பேசுகிறார். அப்படிக் கைகளைப் பார்த்துப் பார்த்து எழுதியவர்தான் யாகோப் டோன்ட். ('ஓபஸ்' என்பது ஒருவரின் படைப்புக்கு இடும் வரிசை எண்.) பலர் அவர் பெயரைப் புத்தக அட்டையில் படித்துவிட்டு உள்ளே போய்விடுகிறார்கள். அந்த மனிதரைப் பற்றித் தெரிந்தால் புத்தகத்தைப் பார்க்கும் கண்ணே மாறும் என்று எனக்குத் தோன்றுகிறது, அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

டோன்ட் என்பது போஹீமியாவிலிருந்து வியன்னாவுக்கு வந்த ஒரு இசைக்காரக் குடும்பத்தின் பெயர். அப்பா யோசெஃப் வாலன்டீன் டோன்ட் செல்லோ வாசித்தவர், வியன்னா நாடக அரங்குகளின் வாத்தியக் குழுக்களில் இருந்தவர். மகன் யாகோப் 1815 மார்ச் 2 அன்று வியன்னாவில் பிறந்தார், 1888 நவம்பர் 17 அன்று அதே வியன்னாவில் இறந்தார். இதில் ஒரு வேடிக்கையான ஒற்றுமை உண்டு. உங்கள் மகள் இப்போது முடித்திருக்கிற புத்தகத்தின் ஆசிரியர் ஹைன்ரிஷ் எர்ன்ஸ்ட் கைசர் பிறந்ததும் 1815, இறந்ததும் 1888. அவர் ஹாம்பர்க் பக்கத்து அல்டோனாக்காரர், ஹாம்பர்க் நாடக அரங்கில் வாசித்தவர். ஒரே வருஷம் பிறந்து ஒரே வருஷம் இறந்த இரண்டு பேர், ஒருவர் வடக்கே, ஒருவர் தெற்கே. இரண்டு பேரும் கிராய்ட்சருக்குப் போகும் வழிக்குப் படிக்கட்டு கட்டியிருக்கிறார்கள். கைசர் கீழ்ப்படிகள், டோன்ட் மேற்படிகள். உங்கள் மகள் ஒருவர் கையை விட்டு இன்னொருவர் கையைப் பிடிக்கப் போகிறாள், அவ்வளவுதான்.

டோன்ட் யாரிடம் கற்றார் என்பது முக்கியம். வியன்னா கன்சர்வேட்டரி என்ற இசைப் பள்ளியில் அவருக்கு இரண்டு ஆசிரியர்கள்: யோசெஃப் போம், கியோர்க் ஹெல்மெஸ்பெர்கர். ஹெல்மெஸ்பெர்கரே போமிடம் படித்தவர். ஆக, வேர் போம்தான். 1819-ல் அந்தக் கன்சர்வேட்டரியில் வயலின் ஆசிரியராகச் சேர்ந்து, அங்கே வயலின் பாடத்துக்கு அடித்தளம் போட்டவர் அவர்.

போமைப் பற்றி ஒரு சம்பவம் உண்டு. எனக்கு ரொம்பப் பிடித்தது. 1825-ல் பீத்தோவனின் ஓபஸ் 127 குவார்டெட் முதல் தடவை அரங்கேறியபோது சரியாக அமையவில்லை. பீத்தோவன் அதை போமின் குழுவிடம் கொடுத்தார். ஒத்திகைகளுக்குத் தானே வந்து உட்கார்ந்தார். அவருக்கு அப்போது காது கேட்காது. ஒரு மூலையில் குனிந்து உட்கார்ந்து, நான்கு பேரின் விற்களையும் கண்ணால் பின்தொடர்ந்தார். வில் போகிற வேகத்தை வைத்தே தாளம் எங்கே தளர்கிறது, எங்கே இழுபடுகிறது என்று கண்டுபிடித்து உடனே திருத்தினார். இதைப் பின்னாளில் சொன்னவர் போமேதான். சத்தமே கேட்காத ஒருவர் வில்லின் அசைவில் இசையைப் படித்ததைப் பக்கத்தில் இருந்து பார்த்த மனிதரிடம்தான் சிறுவன் டோன்ட் போய்ச் சேர்ந்தான். ஒரு வயலின் மாணவரின் குறை காதுக்கு எட்டும் முன்பே கையிலும் வில்லிலும் தெரிந்துவிடும். டோன்ட்டின் பாடங்களைத் திறந்தால் ஒவ்வொன்றும் அப்படிக் கண்ணால் பார்த்த ஒரு குறைக்கு எழுதியதாகத்தான் எனக்குப் படுகிறது.

அவர் வளர்ந்த காலத்து வியன்னா வயலினுக்குப் பைத்தியம் பிடித்த ஊர். 1828 மார்ச் 29 அன்று இத்தாலிய வயலின் மேதை பகனீனி அங்கே முதல் கச்சேரி செய்தார், ஊரே ஆடிப்போய்விட்டது. டோன்ட்டுக்கு அப்போது பதின்மூன்று வயது. போமிடம் படித்த ஹைன்ரிஷ் வில்ஹெல்ம் ஏர்ன்ஸ்ட் டோன்ட்டைவிட மூத்தவர். அவர் பகனீனியின் பின்னாலேயே போனார், பிறகு ஐரோப்பா முழுவதும் சுற்றிப் பெயர் வாங்கினார். டோன்ட் போன வழி வேறு. 1831-ல், பதினாறு வயதில், புர்க்தியேட்டர் வாத்தியக் குழுவில் சேர்ந்தார். அது பேச்சு நாடகங்கள் நடக்கும் அரங்கு. நாடகம் தொடங்கும் முன்பும் அங்கங்களுக்கு நடுவிலும் இசை வேண்டும், அதற்கு ஒரு குழு. 1834-ல் அரண்மனைத் தேவாலயத்தின் இசைக்குழுவான ஹோஃப்கபெல்லேயில் இடம் கிடைத்தது. மாதச் சம்பளம், தினமும் வாசிப்பு, மீதி நேரம் பாடம் சொல்லிக்கொடுப்பது என்று ஓடிய வாழ்க்கை. கச்சேரிப் புகழை நம்பி வாழாததால்தான் அவ்வளவு மாணவர்களின் கையைக் கவனிக்க அவருக்கு நேரமிருந்தது என்று நினைக்கிறேன்.

ஏன் அந்த நூற்றாண்டில் எங்கே பார்த்தாலும் எட்யூட் (ஒரு நுட்பத்தைப் பழக்க எழுதிய பயிற்சிப் பாடம்) புத்தகங்களாக வந்தன என்று கேட்கலாம். இரண்டு காரணம் சொல்லலாம். ஒன்று, பள்ளிகள். பாரிஸ் கன்சர்வேட்டரி 1795-ல் வந்தது, வியன்னாவில் 1817-ல், லைப்ஸிக்கில் 1843-ல். ஒரு ஆசிரியர், ஒரு சீடன் என்று இருந்தது போய் ஒரு வகுப்பு, பல மாணவர்கள் என்று ஆனபோது வரிசையாகப் போகிற பாடப்புத்தகம் தேவைப்பட்டது. இன்னொன்று, கருவியே மாறிவிட்டது. பிரான்ஸ்வா டூர்ட் உருவாக்கிய புது வில் நீண்ட இழுப்பையும் அழுத்தத்தையும் தாங்கியது. 1820 வாக்கில் லூயி ஷ்போர் சின் ரெஸ்ட்டைக் கொண்டுவந்தார். வயலினை முகவாய் பிடித்துக்கொள்ள ஆரம்பித்ததும் இடது கைக்குத் தாங்கும் வேலை குறைந்தது, மேலே கீழே தாராளமாக ஓடலாம் என்றாயிற்று. ஓடக் கற்றுக்கொடுக்க வேண்டுமே, அதற்குத்தான் இந்தப் புத்தகங்கள்.

அப்புறம் டோன்ட்டின் ஆசிரியப் பணி. 1853 முதல் வியன்னாவின் இசை அகாடமி ஒன்றில் பாடம் எடுத்தார், 1870-களில் தான் படித்த கன்சர்வேட்டரியிலேயே பேராசிரியரானார். ஆனால் அவர் பெயரை உலகத்துக்குக் கொண்டுபோனது அவர் வீட்டிலேயே தங்கிப் படித்த ஒரு பையன்.

அந்தப் பையன் லியோபோல்ட் ஔவர். 1845-ல் ஹங்கேரியின் வெஸ்ப்ரேம் ஊரில் பிறந்தவர், அப்பா வீடுகளுக்குச் சாயம் பூசுகிறவர். புடாபெஸ்ட்டில் மெண்டல்ஸன் கான்செர்ட்டோவை வாசித்ததைக் கேட்ட சில வசதியானவர்கள் பணம் போட்டு அவரை வியன்னாவுக்கு அனுப்பினார்கள். அங்கே டோன்ட் வீட்டில் இடம். நம் ஊரில் குருகுலவாசம் என்போமே, கிட்டத்தட்ட அதேதான். வியன்னாவில் அது புதிதும் இல்லை. பின்னாளில் பெரிய வயலின் கலைஞரான யோசெஃப் யோவாகிம் சிறுவனாக இருந்தபோது போம் வீட்டில் தங்கித்தான் படித்தார். வாரம் ஒரு மணி நேரம் பாடம் என்பது வேறு, பக்கத்து அறையில் ஒரு பையன் சாதகம் பண்ணுவதை நாள் முழுக்கக் கேட்டுக்கொண்டிருப்பது வேறு. எந்த இடத்தில் அவன் நின்றுவிடுகிறான், எதை வேகமாக வாசித்து மறைக்கிறான் என்பதெல்லாம் அப்போதுதான் தெரியும்.

ஔவருக்குப் பதின்மூன்று வயதாகும்போது பணம் தீர்ந்துபோனது. வியன்னாவை விட்டுக் கிளம்பி ஊர் ஊராகக் கச்சேரி செய்ய வேண்டியதாயிற்று. பிறகு ஹனோவரில் யோவாகிமிடம் படித்தார். 1868-ல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் போய் 1917 வரை, ஏறக்குறைய ஐம்பது வருஷம், அங்கே கற்றுக்கொடுத்தார். மிஷா எல்மன், எஃப்ரெம் ஸிம்பலிஸ்ட், யாஷா ஹைஃபெட்ஸ், நதான் மில்ஸ்டைன் என்று உலகப் புகழ்பெற்ற வயலின் கலைஞர்கள் எல்லாம் அவர் மாணவர்கள். இத்தனை பேரை உருவாக்கிய மனிதர் வயதான காலத்தில் எழுதும்போது, தன் வயலின் நுட்பத்துக்கு அடித்தளம் போட்டவர் டோன்ட்தான் என்று சொல்லியிருக்கிறார். யோவாகிம் என்ற பெரிய பெயர் கையில் இருந்தும், அடித்தளம் என்று வரும்போது அவர் நினைத்துக்கொண்டது அந்த வியன்னா வீட்டை. உங்கள் மகளிடம் இதைச் சொல்லுங்கள். அவள் வயதுக்கும் குறைந்த ஒரு பையன் அந்த மனிதர் எதிரே நின்று வாசித்திருக்கிறான், அவனிடம் படித்தவர்தான் ஹைஃபெட்ஸ்.

சரி, ஓபஸ் 37-க்கு வருவோம். அதன் முழுப் பெயரே அதன் நோக்கத்தைச் சொல்லிவிடுகிறது: கிராய்ட்சர், ரோட் இருவரின் எட்யூட்களுக்கு முன்பயிற்சியாக இருபத்து நான்கு பாடங்கள். ரூடால்ஃப் கிராய்ட்சர் பாரிஸ் கன்சர்வேட்டரியின் ஆரம்ப கால ஆசிரியர். பீத்தோவன் தன் பெரிய வயலின் சொனாட்டாவை 1805-ல் அச்சிட்டபோது சமர்ப்பணம் செய்தது இவருக்குத்தான். அவருடைய எட்யூட்கள் 1796-ல் வந்தன. இன்று உலகம் முழுக்க வயலின் மாணவர் யாராக இருந்தாலும் ஒரு காலத்தில் அதைத் தாண்டித்தான் போக வேண்டும். பியேர் ரோட் அதே கன்சர்வேட்டரியில் அவரோடு வேலை பார்த்தவர், வியோட்டி என்ற புகழ்பெற்ற வயலின் கலைஞரின் மாணவர். அவருடைய கப்ரீஸ்கள் (கச்சேரித் தரமுள்ள எட்யூட்கள்) இருபத்து நான்கு ஸ்கேல்களிலும் போகும், கிராய்ட்சரைவிடக் கடினம்.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று. போம் இளமையில் ரோடிடம் பாடம் கேட்டவர். அப்படியானால் டோன்ட் தன் ஆசிரியருடைய ஆசிரியரின் புத்தகத்துக்கு முன்பயிற்சி எழுதியிருக்கிறார். தாத்தா எழுதியதைப் பேரன் எடுத்து, "இதை வாசிக்க முடியாமல் என் மாணவர்கள் எங்கே திணறுகிறார்கள்?" என்று பார்த்திருக்கிறார். தாத்தா புத்தகத்தில் ஒரு வரியைக்கூட எளிதாக்கவில்லை. அதற்கு ஏற்ற மாதிரி கையை மாற்றுவதற்கு இன்னொரு புத்தகம் எழுதினார். எனக்கு அவர்மேல் மரியாதை வந்தது இந்த இடத்தில்தான்.

கைசருக்கும் கிராய்ட்சருக்கும் நடுவே அப்படி என்ன இடைவெளி? எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். கைசரைப் பாதியில் நிறுத்திவிட்டு என்னைக் கிராய்ட்சரில் போட்டார்கள். இரண்டாம் பாடம் எப்படியோ ஓடியது. ஒன்பதாம் பாடம் இருக்கிறதே, எஃப் மேஜரில் ஒரே வில்லில் பல சுரங்களைக் கோத்துக்கொண்டு விரல்கள் மாறி மாறி விழும் பாடம், அதில் மாட்டிக்கொண்டேன். நான்காவது வரிக்குள் சுண்டு விரல் விறைத்துவிடும். மெட்ரோனோமின் (தாளம் தட்டும் கருவி) வேகத்தைக் குறைத்தேன், பிறகு ஒவ்வொரு புள்ளியாகக் கூட்டினேன், மாதக்கணக்கில். ஒரு நாள் சரியாக வரும், மறுநாள் பழையபடி இறுகும். சொல்லிக்கொடுத்தவர் "விரலுக்குப் பலம் போதாது, இன்னும் பத்து தடவை வாசி" என்பார். பத்து தடவை வாசித்தால் இறுக்கம்தான் பத்து மடங்காகும்.

பிறகு ஒரு வாத்தியக் குழுவில் என் பக்கத்தில் உட்கார்ந்து வாசித்த பெரியவர் ஒருவர், இடைவேளையில் நான் அந்தப் பாடத்தை வாசிப்பதைப் பார்த்தார். கேட்டார் என்று சொல்லவில்லை, பார்த்தார் என்றுதான் சொல்கிறேன். "சுண்டு விரலை விடு. உன் கட்டைவிரல் என்ன பண்ணுகிறது பார்" என்றார். கழுத்துக்கட்டையை நசுக்கிக்கொண்டிருந்தது. அது மட்டுமில்லை, ஒவ்வொரு தடவை சுண்டு விரல் விழும்போதும் மற்ற மூன்று விரல்களும் தந்தியை விட்டு எம்பிக்கொண்டிருந்தன. மறுவாரம் அவர் கொண்டுவந்து கொடுத்ததுதான் ஓபஸ் 37. ஓரம் கிழிந்த பழைய பிரதி, பென்சிலால் விரல் எண்கள் எழுதியது. நான்கு மாதம் அதை மட்டும் வாசித்தேன். திரும்ப ஒன்பதாம் பாடத்தை எடுத்தபோது நான்காவது வரி வந்ததே தெரியவில்லை.

டோன்ட் பாடங்களில் கை எப்படிப் பழகுகிறது என்பதை ஒரு சின்ன உதாரணத்தில் காட்டுகிறேன். முதல் பொசிஷன் (இடது கை கழுத்துக்கட்டையின் நுனியருகே நிற்கும் இடம்), ஏ தந்தி. ஆள்காட்டி விரல் பி-யில் இருக்கிறது. அடுத்த சுரம் சி, நடுவிரல், ஆள்காட்டி விரலை ஒட்டி. அதற்கடுத்தது டி தந்தியில் ஜி ஷார்ப். மோதிர விரலைச் சற்று மேலே நீட்டி வைக்க வேண்டும். மறுபடி ஏ தந்திக்கு வந்து பி. வில்லுக்கு இது வெறும் இரண்டு தந்தி மாற்றம். இடது கைக்கு அப்படியில்லை. பழகாத கை, ஜி ஷார்ப்புக்கு நீளும்போது பி-யிலிருந்து ஆள்காட்டி விரலைத் தூக்கிவிடும். திரும்பி வரும்போது அந்த விரல் பி-யைத் தேட வேண்டும். மெதுவாக வாசித்தால் தேடிக் கண்டுபிடிக்கும், வேகத்தில் ஒரு மயிரிழை கீழே விழும், சுருதி கெடும். பழகிய கையில் ஆள்காட்டி விரல் பி-யிலேயே லேசாகத் தங்கியிருக்கும், மோதிர விரல் மட்டும் பக்கத்துத் தந்திக்குப் போய்வரும். தேடுவதற்கு ஒன்றுமே இல்லை, விரல் ஏற்கெனவே அங்கே இருக்கிறது.

கைசரில் சுரங்கள் பெரும்பாலும் ஸ்கேல் போகிற வழியிலேயே போகும். கை அடுத்தது என்ன என்று ஊகித்துவிடும். டோன்ட் அந்த வசதியைக் கொடுப்பதில்லை. அரைச்சுரங்களைக் குறுக்கே நுழைப்பார், ஷார்ப்பும் ஃபிளாட்டும் எதிர்பாராத இடத்தில் வரும், தந்தி தாண்டும் இடத்தில் விரலை நீட்டச் சொல்வார். கிராய்ட்சரோடு ஒப்பிட்டால்கூட டோன்ட்டின் சுரப்போக்கு சிக்கலானது. அது அவர் காலம். கிராய்ட்சர் புத்தகம் வந்தது மோட்சார்ட் இறந்த ஐந்து வருஷத்துக்குள். டோன்ட் ஷூமன், லிஸ்ட் காலத்து ஆள். அவர் மாணவர்கள் வாசிக்கப்போகும் இசையே நிறம் மாறியிருந்தது. ரொமான்டிக் காலத்து ராகப்போக்குக்கு விரலைப் பழக்கினால்தான் அந்த இசை கைக்கு வரும்.

உங்கள் சரளி வரிசைக் கேள்வி நல்ல கேள்வி. பாதி பொருந்தும். சரளி, ஜண்டை வரிசைகளுக்குப் பக்கத்தில் வைக்க வேண்டியது ஸ்கேல்களையும் ஷ்ராடீக், ஷெவ்சிக் போன்றவர்களின் விரல் பயிற்சிகளையும். எட்யூட் அதற்கு ஒரு படி மேலே. அதற்குத் தொடக்கம், நடு, முடிவு இருக்கும், ஒரு மனநிலை இருக்கும், மேடையில் வாசித்தாலும் உட்கார்ந்து கேட்கலாம். நம் பக்கத்தில் அதற்கு நெருக்கமானது வர்ணம். வர்ணத்தைப் பயிற்சிக்கும் வைத்துக்கொள்கிறோம், கச்சேரியின் தொடக்கத்திலும் வைக்கிறோம். அதில் ராகத்தின் முழு உருவமும் இருக்கிறது, கைக்கும் வேலை இருக்கிறது. டோன்ட்டின் நல்ல பாடங்களை அப்படி நினைத்துக்கொள்ளலாம். மகளுக்கு அலுப்பு வருகிறதென்றால், அதை விரலாட்டமாக மட்டும் வாசிக்கிறாளோ என்று பாருங்கள். ஒரு வாக்கியம் எங்கே மூச்சு விடுகிறது, எங்கே குரல் உயர்கிறது என்று ஒரு தடவை பாடிப் பார்க்கச் சொல்லுங்கள்.

இந்தச் சின்னப் புத்தகத்தை எழுதிய அதே கைதான் ஓபஸ் 35-ஐயும் எழுதியது. இருபத்து நான்கு எட்யூட்களும் கப்ரீஸ்களும். அதைத் தொட உங்கள் மகளுக்கு இன்னும் சில வருஷம் ஆகும். ஆனாலும் சொல்லாமல் விட மனமில்லை, ஏனென்றால் அதில்தான் டோன்ட் எவ்வளவு பெரிய ஆள் என்பது தெரிகிறது. வழக்கமாகக் கிராய்ட்சர், ஃபியோரில்லோ, ரோட் எல்லாம் முடிந்தபிறகு, பகனீனிக்கு முன்னால் இதை வைப்பார்கள். முதல் பாடமே சி மேஜரில் கார்டு கார்டாக, அதாவது பல சுரங்கள் ஒன்றுசேர்ந்து, வரும். வயலினின் குதிரை (தந்திகளைத் தாங்கும் கட்டை) வளைவாக இருப்பதால் வில் ஒரே நேரத்தில் இரண்டு தந்திகளைத்தான் நிம்மதியாகப் பிடிக்கும். மூன்று, நான்கு சுரக் கார்டை வாசிக்க, கீழ் இரண்டைத் தொட்டுவிட்டு மேல் இரண்டுக்கு உருள வேண்டும். அந்த உருளல் வெட்டியது போல இல்லாமல் ஒரே மூச்சாகக் கேட்க வேண்டும். இடது கையோ எல்லா விரலையும் ஒரே கணத்தில் சரியான இடத்தில் வைத்தாக வேண்டும், ஒன்றன்பின் ஒன்றாக வைக்க நேரமில்லை. பாக்கின் தனி வயலின் சொனாட்டாக்களை வாசிக்க வேண்டுமானால் வேண்டியது இதேதான். லைப்ஸிக்கில் ஃபெர்டினாண்ட் டாவிட் அவற்றைப் பதிப்பித்தது 1843-ல். அவை மறுபடி மேடைக்கு வந்துகொண்டிருந்த காலம் அது.

இரண்டாம் பாடம் ஏ மைனரில் நிற்காமல் ஓடும். வேகமாக வாசிக்க ஆரம்பித்தால் கை வெந்துபோகும். நான் அதற்குச் செய்வது இதுதான்: நான்கு நான்கு சுரமாகப் பிரித்து, நான்குக்கும் உரிய விரல்களை வில்லில்லாமல் முதலில் தந்திகள்மேல் வைத்துவிட்டு, பிறகு வில்லைப் போடுவது. விரல்கள் ஒரு கூட்டமாக இடம் மாறக் கற்றுக்கொண்டபின் வேகம் கேட்காமலே வருகிறது. பகனீனியின் கப்ரீஸ்கள் 1820-ல் அச்சானவை, அவற்றில் கேட்கிறவரை வாய் பிளக்கவைக்கும் வித்தைகள் உண்டு. டோன்ட்டின் கவனம் அதில் இல்லை. கேட்கிறவருக்குத் தெரியாத, வாசிக்கிற கைக்கு மட்டும் தெரிகிற கஷ்டங்களை அவர் எடுத்துக்கொண்டார். ஐவன் கலாமியன் நியூயார்க்கில் பெர்ல்மன், ஸுக்கர்மன் போன்றவர்களை உருவாக்கியவர். அவர் ஓபஸ் 35, ஓபஸ் 37 இரண்டையும் பதிப்பித்தார். டோன்ட் இறந்து இவ்வளவு காலம் கழிந்தும் வகுப்பறையில் அவருக்கு வேலை குறையவில்லை. இதையெல்லாம் வயோலாவுக்கு மாற்றியும் பதிப்பித்திருக்கிறார்கள்.

இனி நடைமுறை. புத்தகத்தைத் தேடிப் பணம் செலவழிக்கத் தேவையில்லை. டோன்ட்டின் பழைய பதிப்புகள் பொதுவுடைமை ஆகிவிட்டன, ஐ.எம்.எஸ்.எல்.பி. தளத்தில் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். ஆனால் பதிப்புக்குப் பதிப்பு விரல் எண்களும் வில் குறிகளும் மாறும். ஆசிரியரிடம் எந்தப் பதிப்பு இருக்கிறது என்று கேட்டு அதையே எடுங்கள், இல்லாவிட்டால் வகுப்பில் பாதி நேரம் எண்களை அடித்து எழுதுவதிலேயே போய்விடும். வீட்டில் அச்செடுத்தால் பாடத்தின் இரண்டு பக்கங்களும் ஸ்டாண்டில் பக்கத்துப் பக்கமாக நிற்கிற மாதிரி வைத்துக்கொள்ளுங்கள்.

வாரத்துக்கு ஒரு பாடம் முடிக்க வேண்டும் என்று கணக்கு வைக்காதீர்கள். ஒரு பாடம் மூன்று வாரம் எடுத்தால் எடுக்கட்டும். நான் சொல்லிக்கொடுக்கும்போது முதல் மூன்று நாள் முழுப் பாடத்தையும் வாசிக்க விடுவதில்லை. எந்த இரண்டு வரியில் கை இறுகுகிறது என்று குழந்தையையே கண்டுபிடிக்கச் சொல்வேன், அந்த இரண்டு வரியை மட்டும் வாசிப்போம். சுரம் சமமாக ஓட வேண்டிய இடத்தை நெட்டை குட்டையாக, பிறகு குட்டை நெட்டையாக மாற்றி வாசிப்பது பழைய வழி, இன்னும் பலன் தருகிறது. பொசிஷன் மாறும் இடத்தில் கட்டைவிரல் கையோடு சேர்ந்து நகர்கிறதா, பின்னாலேயே ஒட்டிக்கொண்டு நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். இதற்கு நீங்கள் இசை தெரிந்தவராக இருக்க வேண்டியதில்லை. செல்போனை அவள் இடது கைக்குப் பக்கத்தில் வைத்து ஒரு நிமிஷம் படம் பிடித்துக் காட்டுங்கள், அவளுக்கே தெரிந்துவிடும்.

நேரம் ஒரு நாளைக்கு இருபது நிமிஷம் போதும். அதற்கு மேல் பிடித்த பாட்டு எதையாவது வாசிக்கட்டும். கையில் வலி வந்தால் அன்றைக்கு அதோடு நிறுத்திவிட வேண்டும். டோன்ட் கஷ்டமானவர்தான், ஆனால் வலிக்கிற மாதிரி வாசித்தால் அதில் எங்கோ தப்பு இருக்கிறது, ஆசிரியர் பார்க்க வேண்டும்.

இன்னொன்றும் ஆசிரியரிடம் கேட்டுப் பாருங்கள். டோன்ட்டுக்கு ஓபஸ் 38 என்று இருபது பாடங்கள் உண்டு, இரண்டாம் வயலின் துணையோடு எழுதியவை. மாணவர் முதல் வயலின், ஆசிரியர் இரண்டாவது. கீழே இன்னொரு வயலின் ஓடிக்கொண்டிருக்கும்போது சுருதி விலகினால் உடனே காதில் உறுத்தும், தாளத்தை இழுக்கவும் முடியாது, ஓடவும் முடியாது. தனியாக வாசித்து அலுத்துப்போகிற குழந்தைகள் இதில் முகம் மலர்வதை நான் பல தடவை பார்த்திருக்கிறேன். ஓபஸ் 37-ல் நாலைந்து பாடம் போனதும், வாரத்தில் ஒரு வகுப்பின் கடைசிப் பத்து நிமிஷத்தை இதற்கு ஒதுக்க முடியுமா என்று கேளுங்கள்.